சம்பள லீவு மணிகள் 401(கே) கணக்கில் சேரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவில் பகுதிநேரமாகவோ மணிக்கூலிக்கோ வேலை பார்ப்பவர்களுக்கு, ஓய்வூதியச் சேமிப்பில் 1,000 என்ற எண் ஒரு வாசற்படி. 12 மாதத்தில் 1,000 சேவை மணி சேர்ந்தால் ஓராண்டு சேவை ஆகிவிடும். வயது 21, ஓராண்டு சேவை, இந்த இரண்டும் இருந்தால் சொந்தச் சம்பளத்திலிருந்து 401(கே)-யில் (நிறுவனம் வழியாக நடக்கும் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டம்) பணம் போட உங்களை அனுமதித்தே ஆக வேண்டும். 1974-ல் வந்த எரிசா என்ற ஓய்வூதியத் திட்டச் சட்டத்தின் அடிப்படை இது.

சிக்கல் வருவது அந்த 1,000-ஐ எண்ணும் இடத்தில். பலரும் (எச்ஆரில், அதாவது மனிதவளப் பிரிவில், இருப்பவர்கள் உட்பட) சேவை மணி என்றால் வேலை செய்த மணி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். தொழிலாளர் துறையின் விதி அப்படிச் சொல்லவில்லை. வேலை செய்ததற்காகச் சம்பளம் கிடைத்த மணி ஒரு வகை. வேலை செய்யாமலே சம்பளம் கிடைத்த மணி, அதாவது விடுமுறை, பண்டிகை நாள், நோய், உடல் இயலாமை, லே-ஆஃப் (நிறுவனம் தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்தி வைப்பது), ஜூரி டியூட்டி, ராணுவப் பணி, அனுமதி பெற்ற லீவு ஆகியவற்றுக்கானது இரண்டாம் வகை. வழக்குப் போட்டு வாங்கிய பழைய சம்பளத்துக்கான மணி மூன்றாம் வகை. மூன்றும் சேவை மணிதான். சம்பள லீவைக் கணக்கில் எடுப்பது முதலாளி பெரிய மனது பண்ணிச் செய்யும் சலுகை இல்லை.

உங்கள் திட்டம் முதல் நாளிலிருந்தே எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் வகை என்றால் நுழைவுக்கு மணிக்கணக்கே தேவையில்லை. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இப்போது அப்படித்தான். அப்போதும் நிறுவனப் பங்களிப்புக்கும் வெஸ்டிங்குக்கும் (நிறுவனம் போட்ட பணம் உங்களுக்கே சொந்தமாவது) மணி எண்ணுவார்கள், அதனால் படித்து வைப்பதில் நஷ்டமில்லை.

கூட்டல் போடுவதற்கு முன்

மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: திட்டத்தின் சுருக்க விளக்கப் புத்தகம் (எஸ்பிடி என்பார்கள்), வேலையில் சேர்ந்த தேதி, பே கோடு (சம்பள வகைக் குறியீடு) வாரியாக மணிகளைக் காட்டும் பேரோல் அறிக்கை. அறிக்கை தர மறுத்தால் உங்கள் பே ஸ்டப்களே (சம்பளச் சீட்டுகள்) போதும். ஸ்டப்பில் லீவுக்குத் தொகை மட்டும் இருந்து மணி இல்லையென்றால், தொகையை மணி ஊதியத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 24 டாலர் வாங்குபவருக்கு 480 டாலர் லீவுச் சம்பளம் என்றால் 20 மணி.

இவற்றையெல்லாம் விட முக்கியம், திட்டம் எந்த முறையில் எண்ணுகிறது என்பது. எஸ்பிடியில் 'சேவை' என்ற பகுதியில் அது இருக்கும். முறைகள் பெரும்பாலும் மூன்று.

ஒன்று, உள்ளபடி எண்ணுவது. வேலை மணியும் சம்பள லீவு மணியும் உள்ளது உள்ளபடி கூட்டப்படும், இலக்கு 1,000.

இரண்டாவது, சமமதிப்பு முறை. இதற்குள்ளேயே பல கிளைகள் உண்டு. ஒரு கிளையில் உழைத்த மணியை மட்டும் எண்ணலாம், லீவைத் தொட வேண்டியதில்லை, ஆனால் இலக்கு 870-ஆக இறங்கும். ஓவர்டைமையும் விட்டுவிட்டு வழக்கமான நேர மணியை மட்டும் எண்ணினால் இலக்கு 750. இன்னொரு கிளையில் மணியே பார்க்காமல் நாளுக்கு 10, வாரத்துக்கு 45, அரை மாதச் சம்பளக் காலத்துக்கு 95, மாதத்துக்கு 190 என்று மொத்தமாகப் போட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, வேலையில் கழிந்த கால அளவை மட்டும் பார்க்கும் முறை. சேர்ந்த தேதியிலிருந்து நாட்காட்டி பார்ப்பதோடு சரி. இந்த முறையில் ஓடும் திட்டத்தில் மணிக்காகச் சண்டை போடுவது வீண்.

எந்த முறை என்று தெரியாமல் கூட்டல் போட ஆரம்பித்தால் சரியான விடையும் தப்பாகத் தெரியும், தப்பான விடையும் சரியாகத் தெரியும். நான் பார்த்த தகராறுகளில் கணிசமானவை இந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் அடங்கியவை.

அறிகுறி: மொத்தம் 1,000-க்குச் சற்றுக் கீழே நிற்கிறது, குறையும் அளவு நீங்கள் எடுத்த லீவை ஒத்திருக்கிறது

மிக அதிகமாக வருவது இதுதான். ஒரு மாதிரிக் கணக்கு. வாரம் 20 மணி வேலை, ஆண்டுக்கு 52 வாரம், ஆக 1,040 மணிக்குச் சம்பளம். அதில் இரண்டு வாரம் சம்பள விடுமுறை, 40 மணி. ஆறு பண்டிகை நாள், நாளுக்கு 4 மணி வீதம் 24. உழைத்த மணி 976. திட்ட நிர்வாகிக்குப் போன பட்டியலில் 976 என்று இருக்கும், பக்கத்தில் 'தகுதி இல்லை'. விடுபட்ட 64-ஐச் சேர்த்தால் 1,040, தகுதி உண்டு.

காரணம் அநேகமாக மென்பொருளில்தான் இருக்கும். பேரோலில் ஒவ்வொரு சம்பள வகைக்கும் ஒரு கோடு உண்டு: ரெகுலர், ஓவர்டைம், பிடிஓ (சம்பளத்தோடு எடுக்கும் பொது லீவு), ஹாலிடே, சிக், ஜூரி, துக்க லீவு. ஒவ்வொன்றின் அமைப்பிலும் 'ஓய்வூதியத் திட்ட மணிக்குச் சேர்க்கவும்' என்ற வகையில் ஒரு பெட்டி இருக்கும். ரெகுலருக்கும் ஓவர்டைமுக்கும் டிக் போட்டிருப்பார்கள். மற்றவற்றில் மறந்திருப்பார்கள். நிறுவனம் புதிதாக ஒரு லீவு வகை கொண்டுவரும்போதும், பேரோல் மென்பொருளை மாற்றும்போதும் இந்தப் பிழை நுழைகிறது. ஆகவே புகார் சொல்லும்போது 'மணி குறைகிறது' என்று மொட்டையாகச் சொல்லாமல், 'ஹாலிடே கோடு மணிகள் திட்டத்துக்குப் போகிறதா, பாருங்கள்' என்று கோட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதில் சீக்கிரம் வரும்.

சரிபார்க்க: அறிக்கையில் உள்ள மொத்தத்தை ரெகுலர் மணியோடு ஓவர்டைம் மணியைக் கூட்டிய தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தினால் லீவு கோடு எதுவுமே சேரவில்லை என்று அர்த்தம். ஓவர்டைமை ஒன்றரை மடங்காகக் கூட்டாதீர்கள். ஒன்றரை மடங்கு சம்பளத்துக்குத்தான். 10 மணி ஓவர்டைம் செய்தால் சேவை மணியும் 10-தான்.

'எங்கள் திட்டத்தில் உழைத்த மணி மட்டும்தான் எண்ணுவோம்' என்று எச்ஆர் பதில் சொன்னால் அங்கேயே நிறுத்தி அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: அப்படியானால் இலக்கு 870-ஆ? உழைத்த மணியை மட்டும் எண்ணும் உரிமையை எடுத்துக்கொள்ளும் திட்டம், இலக்கைக் குறைக்கும் கடமையையும் கூடவே எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 976 மணிக்காரர் அந்த முறையில் எப்போதோ தாண்டிவிட்டார். லீவையும் விட்டுவிட்டு 1,000-ஐயும் கேட்பது எந்த முறையிலும் அடங்காது. இரண்டு முறைகளிலிருந்தும் முதலாளிக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்து ஒட்டியது அது. தெரியாமல் செய்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். திருத்த வேண்டியது திருத்த வேண்டியதுதான்.

அறிகுறி: நீண்ட நோய் லீவு எடுத்தீர்கள், சம்பளமும் வந்தது, ஆனால் கணக்கில் 501 மணிதான்

இது பெரும்பாலும் பிழை இல்லை. வேலை செய்யாத ஒரே தொடர்ச்சியான காலத்துக்கு 501 மணிக்கு மேல் கணக்கில் தர வேண்டியதில்லை என்று விதியே வரம்பு வைத்திருக்கிறது. வாரம் 40 மணிக்காரருக்கு அது சுமார் பன்னிரண்டரை வாரம். திட்டம் தாராளமாக அதற்கு மேலும் தரலாம். எஸ்பிடியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 501-க்குள்ளேயே பல இடறல்கள் இருக்கின்றன.

முதலாவது, 501-க்குப் பதில் பூஜ்யம் போட்டிருப்பது. முழுநேர ஊழியர் ஒருவர் சேர்ந்து 12 வாரம் வேலை செய்கிறார், 480 மணி. பிறகு 30 வாரம் நிறுவனத்தின் உடல் இயலாமைக் காப்பீட்டிலிருந்து சம்பளம். திரும்பி வந்து 10 வாரம், 400 மணி. உழைத்தது 880, அதோடு 501, மொத்தம் 1,381. ஓராண்டு சேவை முடிந்தது. காப்பீட்டு நிறுவனம் நேரடியாகச் செக் அனுப்பியதால் பேரோலில் அந்த 30 வாரமும் வெறுமையாக இருக்கும், பேரோலை மட்டும் பார்ப்பவர் 880 என்றே சொல்வார். விதி தெளிவானது: பிரீமியத்தை முதலாளி கட்டினால், காப்பீட்டு நிறுவனம் கொடுத்தாலும் அது முதலாளி கொடுத்ததாகவே கொள்ளப்படும். இதே ஊழியர் அந்த ஆண்டுக்குள் திரும்பாமல் இருந்திருந்தால் 480-உம் 501-உம் சேர்ந்து 981. பத்தொன்பது மணியில் போயிற்று. வயிற்றெரிச்சல்தான், ஆனால் திட்டத்தில் கூடுதல் தாராளம் இல்லையென்றால் வழி இல்லை.

இரண்டாவது, சம்பளத்தின் விழுக்காட்டை மணிக்கும் போட்டிருப்பது. இயலாமைக் காப்பீடு சம்பளத்தில் 60 விழுக்காடு தந்தால் வாரத்துக்கு 24 மணி என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. தப்பு. வாரக் கணக்கில் கொடுக்கப்படும் பணம் என்றால், அந்த வாரத்தில் வழக்கமாக வேலை செய்ய வேண்டிய மணிகள் முழுவதும் சேரும். 40 மணிக்காரருக்கு 40. நிரந்தர அட்டவணை இல்லாதவருக்கு வாரம் 40, நாள் 8 என்று வைத்துக்கொள்ளலாம், அல்லது அந்த வேலையில் இருப்பவர்களின் சராசரியைப் பிரதிபலிக்கும் நியாயமான அடிப்படையை எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பயன்படுத்தலாம். கால அளவோடு சம்பந்தமில்லாமல் ஒரே மொத்தத் தொகையாக வந்தால் மட்டும் வகுத்தல் வரும்: 3,000 டாலர் வந்தது, லீவுக்கு முந்தைய மணி ஊதியம் 25 டாலர், ஆக 120 மணி. அதுவும் அந்தக் காலத்தில் வழக்கமாகச் செய்திருக்கக்கூடிய மணிக்கு மேல் போகாது.

மூன்றாவது, இரண்டு லீவுகளை ஒன்றாக்கிவிடுவது. வரம்பு தொடர்ச்சியான ஒரு காலத்துக்கு. அறுவைச் சிகிச்சைக்குப் போய், திரும்பி வந்து ஒரு மாதம் உண்மையாக வேலை செய்து, மறுபடி வேறு காரணத்துக்கு லீவு எடுத்தால் புதிய 501 தொடங்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரே லீவு இரண்டு கணக்காண்டில் படர்ந்தாலும் மொத்தம் ஒரே 501-தான். டிசம்பரில் 300, ஜனவரியில் மறுபடி 501 என்று ஆரம்பிக்க முடியாது.

அறிகுறி: லீவில் இருந்தபோது பணம் வந்தது உண்மை, ஆனால் மணி எதுவும் சேரவில்லை

பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தொழிலாளர் விபத்து இழப்பீட்டுச் சட்டம், வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம், உடல் இயலாமைக் காப்பீட்டுச் சட்டம் ஆகியவற்றுக்குக் கட்டுப்படுவதற்காக மட்டுமே வைத்திருக்கும் ஏற்பாட்டிலிருந்து வந்த பணத்துக்கு மணி தர வேண்டியதில்லை. வேலையிடத்தில் கை முறிந்து விபத்து இழப்பீட்டில் இருந்தவருக்கும், கலிபோர்னியாவின் மாநில இயலாமைக் காப்பீட்டில் இருந்தவருக்கும் அந்தப் பணத்தால் சேவை மணி ஏறாது. மருத்துவச் செலவைத் திருப்பித் தருவதும் அப்படியே.

ஆனால் அதே லீவின் முதல் வாரத்தில் நீங்கள் சேர்த்து வைத்திருந்த சிக் லீவைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அந்த மணிகள் முதலாளி கொடுத்தவை, அவை சேரும். லீவு முழுவதையும் ஒரே கோட்டில் அடைத்துவிட்ட பேரோலில் இது தொலைந்துபோகும். தேதி வாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஜூரி டியூட்டியும் இதே ரகம். அந்த நாட்களுக்கு நிறுவனம் சம்பளம் கொடுத்திருந்தால் மணி உண்டு. நீதிமன்றம் கொடுக்கும் சொற்பப் படிக்குக் கிடையாது.

அறிகுறி: மாதச் சம்பளக்காரர், மணிப்பதிவே இல்லை, லீவு எடுத்த வாரங்கள் பூஜ்யமாக இருக்கின்றன

நேரப்பதிவு இல்லாத ஊழியர்களுக்குத்தான் வாரம் 45, மாதம் 190 என்ற முறை பெரும்பாலும் பயன்படுகிறது. அதன் விதி எளிது: அந்த வாரத்தில் ஒரே ஒரு சேவை மணி இருந்தால் போதும், 45-உம் சேரும். அந்த ஒரு மணி சம்பள லீவாகவும் இருக்கலாம். முழு வாரமும் சம்பள விடுமுறையில் இருந்தாலும் 45 வர வேண்டும். மாத முறையில் ஒரு மாதம் முழுக்கச் சம்பளமில்லா லீவில் இருந்து, நடுவில் ஒரு பண்டிகை நாளுக்கு மட்டும் நிறுவனம் சம்பளம் கொடுத்திருந்தாலும் 190 சேரும். கேட்க வேடிக்கையாக இருக்கும், விதி அப்படித்தான். ஆறு மாதம் இப்படி வந்தாலே 1,140. ஆகையால் மாத முறைத் திட்டத்தில் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் வேலை பார்த்தும் 1,000 வரவில்லை என்றால் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது. பேரோலிலிருந்து நிர்வாகிக்குப் போகும் கோப்பில் சம்பளக்காரர்களின் மணி நிரல் காலியாகப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: உங்கள் கூட்டலும் அவர்கள் கூட்டலும் சரி, ஆனால் ஒத்துப்போகவில்லை

இரண்டு பேரும் வெவ்வேறு ஆண்டைக் கூட்டியிருப்பீர்கள். நுழைவுக்கான முதல் 12 மாதம், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறது. செப்டம்பர் 15-ல் சேர்ந்தவருக்கு அடுத்த செப்டம்பர் 14 வரை. அதில் 1,000 வரவில்லையென்றால், திட்ட ஆண்டுக்கு (திட்டம் தன் கணக்குக்கு வைத்திருக்கும் 12 மாதம்) மாறிக்கொள்ளத் திட்டத்துக்கு உரிமை உண்டு. திட்ட ஆண்டு ஜனவரியில் தொடங்கினால், நீங்கள் சேர்ந்ததற்கு அடுத்த ஜனவரி முதல் டிசம்பர் வரை இரண்டாவது கணக்கு. ஜனவரி முதல் செப்டம்பர் வரையிலான மணிகள் இரண்டு கணக்கிலும் வரும். அதை 'இரட்டிப்பு' என்று சொல்லி இரண்டாவதிலிருந்து கழிக்கக் கூடாது.

வருடக் கடைசி லீவு தனித் தலைவலி. டிசம்பர் 22 முதல் ஜனவரி 4 வரை விடுமுறை, சம்பளத்தை டிசம்பரிலேயே முன்கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். மணிகள் லீவு விழுந்த தேதிப்படி பிரியும். செக் வந்த தேதி முக்கியமில்லை. எல்லையில் விழும் ஒரு சம்பளக் காலம் 31 நாளுக்கு மேற்படாததாக இருந்தால் அதை முழுவதுமாக ஒரே ஆண்டில் வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. அந்தந்த வேலைப் பிரிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

1,000 சேர்ந்த அன்றே பணம் பிடிக்க ஆரம்பிக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நுழைவு தேதி என்று ஒன்று உண்டு, பல திட்டங்களில் ஜனவரி 1, ஜூலை 1. தகுதி வந்தபின் அடுத்த திட்ட ஆண்டின் முதல் நாள், அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முந்துகிறதோ அதற்கு மேல் தள்ள முடியாது.

அறிகுறி: பே ஸ்டப்பில் 80 மணி பிடிஓ பணமாக வந்தது, மொத்தம் ஏறவில்லை

எடுக்காத லீவை விற்றுப் பணமாக்கியது அது. அந்த 80 மணிக்கும் நீங்கள் வேலையில் இருந்தீர்கள், அதற்கான மணி ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. வேலை செய்யாத காலத்துக்கான சம்பளம் என்ற வகையில் அது வராது. வேலையை விட்டுப் போகும்போது மிச்ச லீவுக்குக் கொடுக்கும் தொகையையும் திட்டங்கள் பொதுவாக மணியில் சேர்ப்பதில்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அதே தொகை 'திட்டச் சம்பளம்' என்ற இன்னொரு கணக்கில் சேரக்கூடும். அதிலிருந்து 401(கே)-க்குப் பணமும் பிடித்திருப்பார்கள். பணம் பிடித்தார்கள், ஆனால் மணி தரவில்லை என்று கோபம் வரும். இரண்டும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி விதி. மறுபக்கமும் நடக்கும்: காப்பீட்டு நிறுவனம் கொடுத்த நோய்ச் சம்பளத்தைத் திட்டச் சம்பளத்திலிருந்து விலக்கியிருப்பார்கள், ஆனால் மணி தர வேண்டியிருக்கும்.

லீவு சேரும்போது ஒரு முறை, எடுக்கும்போது ஒரு முறை என்று இரண்டு தடவை மணி ஏறியிருக்கும் கோப்புகளும் உண்டு. உங்களுக்குச் சாதகமாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். பிற்பாடு தணிக்கையில் அகப்பட்டால் தகுதியைத் திருப்பி அவிழ்ப்பார்கள்.

அறிகுறி: பிரசவ லீவுக்கு ஓர் அறிக்கையில் 501 மணி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை

இரண்டும் சரியாக இருக்கலாம். 500 மணியைத் தாண்டாத ஆண்டு 'சேவை முறிவு' எனப்படும். முறிவு வந்தால் பழைய சேவை கணக்கிலிருந்து போகும் அபாயம் உண்டு. பிள்ளைப்பேறு, தத்தெடுப்பு, அதையொட்டிய குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான லீவில், சம்பளம் இல்லாவிட்டாலும் 501 மணி வரை கொடுத்து அந்த முறிவைத் தடுக்க வேண்டும் என்று 1984-ல் சட்டம் வந்தது. 500-ஐ ஒரே ஒரு மணி தாண்டும் அளவு. இந்த மணிகள் முறிவைத் தடுக்க மட்டும். நுழைவுக்கான 1,000-இல் இவற்றைக் கூட்ட முடியாது. அப்பாக்களுக்கும் இது பொருந்தும், பலர் கேட்பதே இல்லை.

அந்த லீவின் சம்பளம் வந்த பகுதி வேறு கதை. நிறுவனத்தின் பிரசவ லீவுச் சம்பளம், பிடிஓ, நிறுவனம் பிரீமியம் கட்டிய காப்பீடு என்று எந்த உருவில் வந்தாலும் அது சாதாரணச் சம்பள லீவாகவே 1,000-க்குச் சேரும், அதே 501 வரம்போடு. பிரசவ லீவைத் தனிக் கோட்டில் போட்டு 'முறிவுத் தடுப்பு மட்டும்' என்று முத்திரை குத்திவிட்டால் இந்தப் பகுதியும் சேர்ந்து விழுங்கப்படும். பெண்கள் தகுதி இழப்பது இந்த இடத்தில்தான் அதிகம் நடக்கிறது என்பது என் எண்ணம். அதனால் தேதியையும் கோட்டையும் ஒன்றொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

1993-ன் குடும்ப, மருத்துவ லீவுச் சட்டத்தின் கீழ் சம்பளமில்லாமல் எடுத்த லீவுக்கு நுழைவு மணி தர வேண்டியதில்லை, ஆனால் அதைச் சேவை முறிவாகவும் கொள்ளக் கூடாது. ஆண்டின் கடைசி நாளில் வேலையில் இருந்தால்தான் அந்த ஆண்டுச் சேவை கணக்கில் வரும் என்று திட்டம் சொன்னால், அன்று அந்த லீவில் இருந்தவரை வேலையில் இருந்தவராகவே கொள்ள வேண்டும்.

ராணுவப் பணிக்குப் போய்ச் சட்டப்படி திரும்பியவர்களுக்கு 501 வரம்பே கிடையாது. போகாமல் இருந்திருந்தால் எவ்வளவு மணி சேர்ந்திருக்குமோ அவ்வளவும் தர வேண்டும். 1994-ன் சட்டம் அது.

அறிகுறி: திட்டத்தில் சேர்ந்தாயிற்று, நிறுவனப் பங்களிப்பு மட்டும் வரவில்லை

நுழைவுத் தகுதி ஒன்று, அந்த ஆண்டின் பங்களிப்புக்கான தகுதி இன்னொன்று. லாபப் பங்குக்கு ஆண்டுதோறும் 1,000 மணியும் கடைசி நாளில் வேலையில் இருப்பதும் வேண்டும் என்று பல திட்டங்கள் வைத்திருக்கின்றன. இங்கேயும் சேவை மணி என்ற அதே விளக்கம்தான், ஆக மேலே சொன்ன சோதனைகள் அப்படியே பொருந்தும். உங்களுடையது சேஃப் ஹார்பர் திட்டம் (சில சமத்துவச் சோதனைகளிலிருந்து விலக்குப் பெற நிறுவனம் கட்டாயப் பங்களிப்புத் தரும் வகை) என்றால் அந்தச் சேஃப் ஹார்பர் பங்களிப்புக்கு இப்படி மணி நிபந்தனையோ கடைசி நாள் நிபந்தனையோ வைக்கவே முடியாது.

அறிகுறி: வாரம் 10 மணிதான் வேலை, 'உங்களுக்கு வாய்ப்பே இல்லை' என்கிறார்கள்

பழைய பதில். 2019-ன் செக்யூர் சட்டம் நீண்டகாலப் பகுதிநேர ஊழியர்களுக்கு ஒரு தனிக் கதவைத் திறந்தது: தொடர்ந்து மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 500 மணி. 2022 கடைசியில் வந்த செக்யூர் 2.0 அதை இரண்டு ஆண்டாகக் குறைத்தது. 2025 முதல் தொடங்கும் திட்ட ஆண்டுகளுக்கு அது நடைமுறை. சொந்தச் சம்பளத்தைப் போடும் உரிமை மட்டும் கிடைக்கும், நிறுவனம் மேட்ச் (நீங்கள் போடுவதையொட்டி நிறுவனம் போடும் பணம்) தரக் கட்டாயம் இல்லை.

500 என்ற இலக்கில் லீவு மணி இன்னும் கூர்மையாக வெட்டும். வாரம் 10 மணி, மூன்று வாரம் சம்பள லீவு. உழைத்தது 490, சம்பளம் வந்தது 520. லீவை விட்டுவிட்டால் இவர் எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும் கதவு திறக்காது. தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு வேண்டும் என்பதால் ஓர் ஆண்டில் நடந்த பிழை அடுத்த ஆண்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

பிழை என்று உறுதியானபின்

வாயால் சொல்வதை நிறுத்தி எழுத்தில் கேளுங்கள். எந்தக் கணக்காண்டு, எந்தக் கோடு, எத்தனை மணி, ஸ்டப்பின் நகல், இவை போதும். சட்டப் பிரிவு எண்களை அள்ளி வீச வேண்டியதில்லை. திட்ட ஆவணத்தை எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும், தராவிட்டால் நீதிமன்றம் நாளுக்கு 110 டாலர் வரை அபராதம் போடலாம். திட்டத்தின் உரிமைகோரல் நடைமுறைப்படி எழுதிய கோரிக்கைக்கு வழக்கமாக 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு உங்களுக்குக் குறைந்தது 60 நாள் உண்டு. இடையில் தொழிலாளர் துறையின் ஊழியர் நலப் பாதுகாப்புப் பிரிவை அழைக்கலாம், கட்டணம் இல்லை. அவர்கள் நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டாலே பல விவகாரம் நகர்ந்துவிடும்.

பேரோல் பக்கத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: ஒருவருடைய கோட்டைத் திருத்தியதோடு நிற்காதீர்கள். டிக் விடுபட்ட நாளிலிருந்து அந்தக் கோட்டைப் பயன்படுத்திய எல்லோருடைய மணியையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லை அருகே, 900 முதல் 1,000 வரையிலும் 450 முதல் 500 வரையிலும் இருப்பவர்களை முதலில் எடுங்கள். தவறவிடப்பட்டவர்களுக்கான திருத்தத்தை அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் முறைப்படுத்தியிருக்கிறது. அவர் சம்பளத்திலிருந்து போட்டிருக்கக்கூடிய தொகையில் பொதுவாக 50 விழுக்காட்டை நிறுவனம் தன் பணத்திலிருந்து போட வேண்டும். தவறிப்போன மேட்ச் முழுவதும், இரண்டுக்கும் இடைப்பட்ட கால வருமானமும் அதோடு சேரும். மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்துச் சரிசெய்து உரிய அறிவிப்பும் கொடுத்துவிட்டால் அந்த 50 விழுக்காடு போட வேண்டியதில்லை, மேட்சும் அதன் வருமானமும் மட்டும் போட்டால் போதும். எந்த நிலையிலும் ஊழியரின் அடுத்த சம்பளத்தில் கைவைத்து இதை ஈடுகட்டக் கூடாது.